வாசகர் கேள்வி – பதில்: பாம்பின் கூண்டும் தெர்மோஸ்டாட்டும்

வளர்ப்புப் பிராணிகள் பகுதிக்கு வந்த கடிதங்களில், பாம்புக் கூண்டின் வெப்பநிலை குறித்துக் கேட்டிருந்தவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டுள்ளோம். எந்தப் பாம்பை வளர்க்கலாம், அதற்கு உரிமம் தேவையா என்பவை நாட்டுக்கு நாடு மாறுபடும். அவற்றை உரிய துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பாம்பை வாங்கியிருப்பீர்கள் என்ற எண்ணத்தில் இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: கார்ன் ஸ்நேக் ஒன்றை வளர்க்கிறேன். கண்ணாடித் தொட்டியின் ஒரு பக்கத்தில், அடிப்புறமாக ஹீட் மேட் (மின்சாரத்தால் சூடாகும் தட்டையான விரிப்பு) ஒட்டி, அதைத் தெர்மோஸ்டாட்டில் (குறித்த வெப்பநிலையை ஒட்டிச் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இணைத்து 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்தேன். சென்சாரின் நுனி, உள்ளே பரப்பியிருக்கும் மரச்சீவலின் மேல் கிடக்கிறது. ஆனால் தொட்டியின் சுவரில் ஒட்டியுள்ள வெப்பமானி 24 டிகிரிக்கு மேல் காட்டுவதே இல்லை. எனவே தெர்மோஸ்டாட்டை 36 வரை உயர்த்தினேன். வெப்பமானி அப்போதும் அசையவில்லை. பாம்போ எந்நேரமும் மறுகோடியிலேயே சுருண்டு கிடக்கிறது. தெர்மோஸ்டாட் பழுதாகிவிட்டதா?
– ஒரு வாசகர்

பதில்: இதற்கு மேல் படிப்பதற்கு முன், தயவுசெய்து தெர்மோஸ்டாட்டை மீண்டும் 30-க்குக் குறைத்துவிடுங்கள். உங்கள் கருவியில் பழுது இல்லை. உங்கள் பாம்பு சூடான பக்கத்தை விட்டு விலகியிருப்பதற்கு, அங்கே தரை அதற்குத் தாங்க முடியாத அளவுக்குச் சூடாகியிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

தெர்மோஸ்டாட்டுக்குத் தொட்டி தெரியாது, பாம்பும் தெரியாது. சென்சாரின் நுனி எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அந்த ஓர் இடத்தின் வெப்பநிலை மட்டுமே தெரியும். உங்கள் தொட்டியில் மூன்று வெவ்வேறு வெப்பநிலைகள் இருக்கின்றன. ஹீட் மேட்டுக்கு நேர் மேலே உள்ள கண்ணாடித் தரையின் வெப்பநிலை ஒன்று; அதன்மேல் பரப்பிய மரச்சீவலின் மேற்பரப்பு இன்னொன்று; சுவரோரத்துக் காற்றின் வெப்பநிலை மூன்றாவது. ஹீட் மேட் தன்னைத் தொடும் பரப்பைச் சூடாக்குவதற்கென்று அமைந்தது, காற்றை அது மிகச் சிறிதளவே சூடேற்றும். ஆகவே சுவரில் உள்ள வெப்பமானி அறையின் வெப்பநிலையை ஒட்டிய ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருப்பது இயல்பானதுதான். மரச்சீவலோ வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். அதன் மேற்பரப்பு 36 டிகிரியை எட்ட வேண்டுமென்றால், கீழே கண்ணாடி அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதித்தாக வேண்டும். கார்ன் ஸ்நேக் சீவலுக்குள் புகுந்து படுக்கும் பழக்கமுள்ள பாம்பு என்பதால், அது கடைசியில் போய்ச் சேருமிடம் அந்தக் கண்ணாடிதான்.

சூடு அதிகமானால் பாம்பு தானாக விலகிவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். உங்கள் பாம்பு விலகியது நல்ல காலம். வளர்ப்புப் பாம்புகளிடம் கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் காணும் காயங்களுள் வயிற்றுப்புறத் தீப்புண்ணும் ஒன்று. சூடான தரையின் மீது மணிக்கணக்காகக் கிடந்து, வயிற்றுச் செதில்கள் வெந்துபோன பிறகே கண்டுபிடிக்கப்படும் பாம்புகள் உண்டு. இன்றே உங்கள் பாம்பின் வயிற்றுப்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். செதில்கள் சிவந்தோ, பழுப்பேறியோ, கொப்புளம் கட்டியோ இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இனி சென்சாரை எங்கே வைப்பது என்பதைப் பார்ப்போம். இதில் வளர்ப்போரிடையே இரு வழக்கங்கள் உள்ளன. தொட்டிக்குள்ளே, ஹீட் மேட்டின் நடுப்பகுதிக்கு நேர் மேலே, கண்ணாடித் தரையோடு சென்சாரைப் பொருத்தி அதன்மேல் மெல்லிய அடுக்காகச் சீவலைப் பரப்புவது ஒன்று. தொட்டிக்கு வெளியே, ஹீட் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே செருகிவிடுவது மற்றொன்று. முதல் முறையில் பாம்பு வாழும் தரையையே சென்சார் நேரடியாக அளக்கிறது; ஆனால் பாம்பு அதை உந்தித் தள்ளலாம், அதன்மேல் கழிக்கலாம், தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து அதை நனைக்கலாம். நகர்ந்துபோன சென்சாரும் நனைந்த சென்சாரும் உண்மையைவிடக் குறைந்த எண்ணைச் சொல்லும். அதை நம்பித் தெர்மோஸ்டாட் மேலும் மேலும் சூடேற்றும். அதனால் ஹீட் மேட்டைப் பொறுத்தவரை நான் இரண்டாம் முறையையே பரிந்துரைக்கிறேன். அங்கே பாம்புக்கு எட்டாது, ஈரமும் படாது.

ஆனால் அந்த முறையில் ஒரு வேலை கூடுதலாக உண்டு. கண்ணாடியின் கீழ்ப்புறத்தைவிட உட்புறம் சில டிகிரி குறைவாக இருக்கும். எனவே உட்புறத் தரையைத் தனியாக ஒரு டிஜிட்டல் வெப்பமானியால், அல்லது துப்பாக்கி வடிவில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, அது 30 டிகிரியை ஒட்டி நிலைபெறும் வரை தெர்மோஸ்டாட்டின் எண்ணைச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் சில மணி நேரம் காத்திருந்து அளப்பது அவசியம். இறுதியில் தெர்மோஸ்டாட்டின் முகப்பில் 33 என்று இருக்கலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். தரையில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு. அகச்சிவப்பு வெப்பமானி எதிரே தெரியும் பரப்பை மட்டுமே அளக்கும் என்பதால், சீவலை விலக்கிவிட்டுக் கண்ணாடித் தரையையே குறிபார்த்து அளவெடுங்கள்.

ஒட்டு நாடாவை எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் பயன்படுத்தாதீர்கள். ஓரம் பிரிந்த நாடாவில் பாம்பு ஒட்டிக்கொண்டால், அதை விடுவிப்பதற்குள் செதிலும் தோலும் உரிந்துவிடும்.

கேள்வி: என் மகள் வளர்க்கும் பால் பைத்தான் (Ball Python), இரை விழுங்கிய மூன்றாம் நாள் அதை அப்படியே கக்கிவிட்டது. இரவில் அறை குளிர்ந்துவிடுகிறது. கரண்ட் வீணாகிறதே என்று படுக்கப்போகும் முன் சூட்டை நிறுத்திவிடுவது என் வழக்கம். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா? குழந்தை அழுதுகொண்டே இருக்கிறாள்.
– ஒரு தாய்

பதில்: தொடர்பு இருக்க வாய்ப்பு மிகுதி. நம் உடல் உணவை எரித்துத் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பின் உடலோ சுற்றுப்புறத்திலிருந்தே வெப்பத்தைப் பெறுகிறது. செரிமான நொதிகள் வேலை செய்யும் வேகம், குடல் அசையும் வேகம், நோயை எதிர்க்கும் ஆற்றல் எல்லாமே உடல் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். முழு இரையை விழுங்கிய பாம்பின் உடல் குளிர்ந்துபோனால், வயிற்றுக்குள் செரிமானம் பின்தங்கி இரை அழுகத் தொடங்கும். அதை வெளியே தள்ளுவதைத் தவிர அந்தப் பிராணிக்கு வேறு வழி இல்லை.

பால் பைத்தான் ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதிகளையும் நடுப்பகுதிகளையும் சேர்ந்த சிறு மலைப்பாம்பு. வெப்பமான பக்கத்தில் அதற்கு 31 முதல் 33 டிகிரி வரையிலும், குளிர்ந்த பக்கத்தில் 25 முதல் 27 டிகிரி வரையிலும் தேவை. இரவில் ஓரிரண்டு டிகிரி குறைவதால் தீங்கில்லை. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே நாள்தோறும் இறங்கவிடுவது நல்லதல்ல. தெர்மோஸ்டாட் இருக்கும்போது இரவில் கையால் நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் போதிய சூடு வந்ததும் அதுவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி எண்ணைப் பதிந்துவைக்கும் வசதி உள்ள கருவி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கக்கியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்: இரை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்திருக்கலாம், உண்ட 2 நாட்களுக்குள் யாரேனும் பாம்பைக் கையில் எடுத்திருக்கலாம், ஒட்டுண்ணித் தொல்லையும் இருக்கக்கூடும். கக்கும்போது வயிற்றின் அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்குவதால், உடனே மறுபடி உணவு கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். சுமார் 2 வாரம் கழித்து, வழக்கத்தைவிடச் சிறிய இரையாகக் கொடுங்கள். மறுபடியும் கக்கினாலோ, வாயோரம் நுரை கட்டினாலோ, மூச்சு விடும்போது சீறல் போன்ற ஓசை கேட்டாலோ, வாயைத் திறந்துவைத்து மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நீடித்த குளிர் சுவாசத் தொற்றுக்கும் வழிவிடும். உங்கள் மகளிடம் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்து, காலையும் இரவும் இரு பக்கத்து வெப்பநிலையையும் எழுதச் சொல்லுங்கள். பாம்புக்கு இப்போது மிகவும் உதவக்கூடிய வேலை அதுவே. அவளாலும் அதைச் செவ்வனே செய்ய முடியும்.

கேள்வி: வெப்பநிலை நிலையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் கூண்டு முழுவதும் ஒரே சீராக 30 டிகிரி இருந்துவிட்டால் போதுமல்லவா?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: போதாது. ஒரே சீரான சூடு பாம்புக்குத் துன்பமே தரும். அமெரிக்காவில் ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் ஆகிய இருவரும் 1944-இல் வெளியிட்ட ஆய்வு, பாலைவன ஊர்வன வெயிலுக்கும் நிழலுக்கும் வளைக்கும் மாறி மாறிச் சென்று, தம் உடல் வெப்பநிலையை வியக்கத்தக்க குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன என்று காட்டியது. அதாவது, ஊர்வனவற்றிடம் தெர்மோஸ்டாட் போன்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. இடம் மாறுவதன் மூலம் அவை அதை இயக்குகின்றன. இரை உண்ட பாம்பு சூடான பக்கத்தை நாடும், செரித்து முடித்த பாம்பு குளிர்ந்த பக்கத்துக்குச் செல்லும். இந்தத் தேர்வுரிமையைத்தான் நாம் கூண்டுக்குள் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே நிலைத்தன்மை என்பது, சூடான பக்கம் எப்போதும் சூடாகவும் குளிர்ந்த பக்கம் எப்போதும் குளிர்ந்தும் இருப்பதே. ஹீட் மேட் தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மறைக்கட்டும். இரு பக்கத்திலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். குளிர்ந்த பக்கத்தில் மட்டுமே மறைவிடம் இருந்தால், பயந்த சுபாவமுள்ள பாம்பு உடல் குளிர்ந்தாலும் அதைவிட்டு வெளியே வராது.

கேள்வி: ஆன்–ஆஃப், பல்ஸ், டிம்மிங் என்று மூன்று வகைத் தெர்மோஸ்டாட்டுகளைப் பார்த்தேன். விலை வேறுபாடு பெரிதாக இருக்கிறது. எதை வாங்குவது?
– ஒரு வாசகி

பதில்: எந்த ஹீட்டரை இணைக்கப்போகிறீர்கள் என்பதே முதலில் முடிவாக வேண்டும்.

ஆன்–ஆஃப் வகை, குறித்த வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே இறங்கியதும் முழு மின்சாரத்தையும் தந்து, சற்று மேலே ஏறியதும் முழுவதுமாக நிறுத்தும். இதனால் வெப்பநிலை ஓரிரு டிகிரி ஏறி இறங்கியபடி இருக்கும். ஹீட் மேட் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவது என்பதால் அந்த ஏற்ற இறக்கம் பாம்பைப் பாதிப்பதில்லை. ஹீட் மேட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும், கூடுதல் செலவு தேவையில்லை. பல்ஸ் வகை, மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாக அனுப்பி, தேவை கூடும்போது துடிப்புகளைக் கூட்டும், குறையும்போது குறைக்கும். ஒளி தராத செராமிக் ஹீட்டருக்கும் ஹீட் மேட்டுக்கும் இது நன்கு பொருந்தும். பல்பை இணைத்தால் விட்டு விட்டு மின்னிப் பாம்பை அலைக்கழிக்கும். டிம்மிங் வகை, மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைப்பதால் ஹாலஜன் போன்ற ஒளிதரும் வெப்ப பல்புகளுக்கு ஏற்றது. புற ஊதாக் குழல்விளக்கையும் எல்இடி விளக்கையும் இவற்றுள் எதிலும் இணைக்கக் கூடாது.

விலையைப் பார்ப்பதைவிட, கருவியின் மீது எழுதியிருக்கும் அதிகபட்ச வாட் அளவைப் பாருங்கள். இணைக்கும் ஹீட்டர்களின் மொத்த வாட் அதைத் தாண்டக் கூடாது. ஹீட்டரும் தொட்டிக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும்: மிகப் பெரிய ஹீட்டர் ஒவ்வொரு முறையும் எல்லையைத் தாண்டிச் சூடேற்றிவிடும், மிகச் சிறியது ஓயாமல் எரிந்தும் தேவையை எட்டாது. செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு தொட்டால் பொசுக்கும் அளவுக்குச் சூடாவதால், அதைப் பீங்கான் ஹோல்டரில் மட்டுமே பொருத்தி, பாம்பு அருகில் செல்ல முடியாதபடி கம்பி வலைக்கூடு போட வேண்டும். மேலிருந்து சூடேற்றும் இத்தகைய ஹீட்டர்களுக்குச் சென்சார், பாம்பு வெயில் காய்வதுபோல் படுக்கும் இடத்தில், அதன் உடல் உயரத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கருவியின் வரலாற்றில் என்னை நெகிழச் செய்யும் செய்தி ஒன்றுண்டு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னேலியஸ் ட்ரெபல் என்ற டச்சுக்காரர், பாதரசத்தின் விரிவைக் கொண்டு உலையின் காற்றைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஓர் அமைப்பை உருவாக்கினார். அவர் அதைப் பயன்படுத்திய இடங்களுள் ஒன்று, முட்டைகளைப் பொரிக்கவைக்கும் அடைகாப்புப் பெட்டி. நாம் இன்று பாம்புக்காகச் செய்வதும் ஏறத்தாழ அதே பணிதான்.

கேள்வி: மூன்று தொட்டிகளுக்கும் ஒரே தெர்மோஸ்டாட் போதுமா?
– ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். சென்சார் இருக்கும் தொட்டிக்கு மட்டுமே அது காவல். மற்ற இரண்டில் ஒன்று சன்னலுக்கு அருகிலும் இன்னொன்று சுவரோரத்திலும் இருந்தால், மூன்றுக்கும் மூன்று விதமான சூடு தேவைப்படும். தொட்டிக்கு ஒன்று என்றே கணக்கு வையுங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் அறையே 35 டிகிரியைத் தொடுகிறது. தெர்மோஸ்டாட்டை 28-க்குக் குறைத்து வைத்தும் தொட்டி குளிரவில்லையே?
– ஒரு வாசகி

பதில்: தெர்மோஸ்டாட்டால் ஹீட்டரை நிறுத்த முடியும், அதற்கு மேல் குளிர்விக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. தொட்டி முழுவதும் 35 டிகிரியானால் பாம்புக்கு ஒதுங்க இடமே இருக்காது. பாம்புகள் குளிரை ஓரளவு பொறுத்துக்கொண்டாலும் மிகைச் சூட்டில் விரைவாக உயிரிழக்கும், பிழைத்தாலும் நரம்பு மண்டலம் பாதிக்கப்படலாம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் தரைமட்டத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். நேர் வெயில் கண்ணாடியில் ஒரு நிமிடமும் படக் கூடாது. உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியின் வலை மூடி மீது, ஒரு பக்கமாக வைக்கலாம். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். உடல் முழுவதும் மூழ்கக்கூடிய அகலமான தண்ணீர்க் கிண்ணமும் இருக்கட்டும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டே பழுதானால் என்ன ஆகும்? மின்வெட்டின்போது என்ன செய்வது?
– ஒரு வாசகர்

பதில்: பழுது இரு திசைகளிலும் நேரலாம். ஹீட்டர் எரியாமல் போகும் பழுதைக் கவனித்துச் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்கும். மற்றதுதான் அச்சத்துக்குரியது. ஆன்–ஆஃப் வகையின் உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் தொடுமுனைகள் நாளடைவில் தேய்ந்து, மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்காமல் எரியும். தொட்டியைத் துப்புரவு செய்யும்போது வெளியே எடுத்த சென்சாரை மறந்துபோய்க் கீழே விட்டுவிட்டாலும் விளைவு அதேதான்: அது அறையின் வெப்பநிலையைத் தொட்டியின் வெப்பநிலையாக எண்ணிக்கொள்ளும். ஆகவே துப்புரவுக்கு முன் ஹீட்டரின் மின் இணைப்பைத் துண்டியுங்கள்; சென்சாரை அதன் இடத்தில் பொருத்திய பிறகே மீண்டும் இணையுங்கள்.

நாள் முழுவதும் வீட்டில் இல்லாதவர்கள், முதல் தெர்மோஸ்டாட்டின் மின் இணைப்பை இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றின் வழியே எடுத்து, இரண்டாவதை 3 டிகிரி கூடுதலாக வைக்கலாம். அதற்குத் தனிச் சென்சார் உண்டு என்பதால், முதலாவது தவறினாலும் இது சூட்டைத் துண்டிக்கும். இதை வீண் செலவு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வயர்கள் கருவிக்குள் நுழையும் முன் சற்றுத் தாழத் தொங்கி மேலேறும்படி விட்டால், வழிந்துவரும் தண்ணீர் கருவிக்குள் செல்லாமல் கீழே சொட்டிவிடும்.

மின்வெட்டைப் பொறுத்தவரை, நலமாக உள்ள பாம்பு சில மணி நேரம் 20 டிகிரிக்குச் சற்று மேலான சூழலைத் தாங்கும். காற்றோட்டத்தை முழுவதும் அடைக்காமல் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள்; நீண்ட நேரமானால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் பொதிந்து தொட்டிக்கு வெளியே அணைத்து வையுங்கள். அன்று இரை கொடுக்காதீர்கள். மின்சாரம் திரும்பியதும் கருவியின் எண்ணைப் பாருங்கள், ஏனெனில் சில கருவிகள் பதிந்துவைத்த அளவை மறந்து தொடக்க நிலைக்குச் சென்றுவிடும்.

கேள்வி: அடுத்த மாதம் முதன்முதலாகப் பாம்பு வாங்கவிருக்கிறோம். எத்தனை நாள் முன்னதாகக் கூண்டைத் தயார் செய்வது?
– ஒரு தம்பதி

பதில்: குறைந்தது ஒரு வாரம் முன்னதாகச் செய்யுங்கள். கடையிலிருந்து வந்த டிஜிட்டல் வெப்பமானியை முதலில் சோதித்துவிடுங்கள்: அதன் சென்சார் நீர்புகாத வகையானால், நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் நுனியை வைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள், 0 டிகிரியை ஒட்டி இருந்தால் அதை நம்பலாம். ஊசி சுழலும் ஒட்டு வெப்பமானிகள் பிழையான அளவைக் காட்டுவது மிகுதி என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு சீவல், மறைவிடங்கள், தண்ணீர்க் கிண்ணம் அனைத்தையும் வைத்து, பாம்பு உள்ளே இருப்பதுபோலவே கூண்டை இயக்குங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளைச் சேமித்துவைக்கும் வெப்பமானியானால் நள்ளிரவின் குளிரும் நண்பகலின் சூடும் உங்களுக்குத் தெரிந்துவிடும். இரு பக்கத்து அளவுகளும் 3 நாள் தொடர்ந்து உரிய எல்லைக்குள் நின்றால் பாம்பைக் கொண்டுவரலாம். நிற்காவிட்டால், பாம்பைத் தருபவரிடம் இன்னும் சில நாள் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.